மேஸ்திரி வீட்டிலிருந்து சிவில் இன்ஜினீயரிங்: பெங்களூரில் கட்டுமானத் தொழில்நுட்பம் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், வாத்தியார் போர்டைப் பார்த்து நின்றபடியே கேட்டார்: "12 எம்.எம். கம்பி, 12 மீட்டர் நீளம். எடை எவ்வளவு?" யாரும் வாய் திறக்கவில்லை. "பத்தரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் சார்" என்றேன். எப்படித் தெரியும் என்றார். "லாரியிலிருந்து கம்பி இறக்கும்போது அப்பா சொல்லுவார் சார்."

அவர் சாக்பீஸ் எடுத்து எழுதினார். கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும். 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889. பன்னிரண்டு மீட்டருக்கு 10.67 கிலோ. அந்த 162 எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்கினார். ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ. கம்பியின் வட்டப் பரப்பை அதனால் பெருக்கி, மில்லிமீட்டரை மீட்டராக மாற்றினால் அந்த எண் தானாக விழும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் சொன்னது சரிதானேம்மா?"

லிங்கராஜபுரம், மர்பி டவுன், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம், தங்கவயல் என்று எங்கே எடுத்தாலும் கொத்தனாராக, கம்பி கட்டுபவராக, செண்ட்ரிங் வேலைக்காரராக, சித்தாளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சைட்டை விட்டு வெளியே வரத்தான் படிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். சைட் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளத்தான் கல்லூரி.

முதல் படி: எந்தப் படிப்பு என்று தெளிவாகுங்கள்

கர்நாடகத்தில் பெரும்பாலான கல்லூரிகளில் இளநிலைப் படிப்பின் பெயர் பி.இ. சிவில் இன்ஜினீயரிங்தான். 'கன்ஸ்ட்ரக்ஷன் டெக்னாலஜி' என்ற பெயர் பெரும்பாலும் எம்.டெக். அளவில்தான் வரும். ஆகவே அந்தப் பெயரில் இளநிலைப் படிப்பு இல்லையே என்று தேடிக் களைத்துப் போகாதீர்கள். கான்கிரீட் டெக்னாலஜி, எஸ்டிமேஷன், கட்டுமான மேலாண்மை, மண் பொறியியல் எல்லாமே சிவிலுக்குள் இருக்கின்றன.

உள்ளே போக இரண்டு வாசல். பி.யு.சி. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) அறிவியல் முடித்து, சி.இ.டி. என்ற மாநில நுழைவுத் தேர்வு எழுதி நான்கு வருட பி.இ. சேர்வது ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மூன்று வருட டிப்ளமோ, அப்புறம் டிப்ளமோக்காரர்களுக்கான டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வது இன்னொன்று. நான் வந்தது இரண்டாவது வழியில். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு இரண்டு வழியிலும் ஆறு வருடம்தான். ஆனால் டிப்ளமோ வழியில் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வீட்டில் கஷ்டம் வந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே பிறகு படிக்கலாம். வருமானம் ஒழுங்காக வராத வீட்டுப் பிள்ளைக்கு டிப்ளமோதான் பாதுகாப்பான வழி என்பது என் எண்ணம். பி.யு.சி.யில் கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிறவர்கள் மட்டும் முதல் வழியில் போகலாம்.

இரண்டாம் படி: காகிதங்கள். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மதிப்பெண் இருந்தும் சீட் போவது பெரும்பாலும் ஒரு காகிதத்தால்தான்.

சேர்க்கையை நடத்துவது கே.இ.ஏ., அதாவது கர்நாடகத் தேர்வு ஆணையம். மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு அவர்கள் முதலில் பார்ப்பது நீங்கள் கர்நாடகத்தில் படித்தவரா என்பதை. பொதுவான விதி, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. வரைக்குள் குறைந்தது ஏழு முழுக் கல்வி ஆண்டுகள் இங்கே படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி.யோ இரண்டாம் பி.யு.சி.யோ இங்கே தேறியிருக்க வேண்டும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வேலை இல்லாத வருடம் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விடுவோம். தர்மபுரியில் இரண்டு வருடம், ஓசூரில் நான்கு வருடம் என்று போய்விடும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஆறு வருடம்தான் தேறும். பிள்ளையை ஊருக்கு அனுப்பும்போதே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஏழு வருடம் வராதவர்களுக்கு, பெற்றோரின் படிப்பு போன்ற வேறு சில பிரிவுகளிலும் வழி உண்டு. கே.இ.ஏ. கையேட்டில் அந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள்.

படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கிராமப்புற ஒதுக்கீடோ கன்னட வழி ஒதுக்கீடோ கேட்டால், அதில் வட்டாரக் கல்வி அலுவலரின் (பி.இ.ஓ.) அலுவலகக் கையெழுத்தும் வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்த சின்னப் பள்ளி, நான் டிப்ளமோ முடிப்பதற்குள் மூடப்பட்டுவிட்டது. பதிவேடு எங்கே போனது என்று தேடி மூன்று வாரம் அலைந்தோம். அம்மா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு என்கூட வந்தார். பிள்ளை ஒரு பள்ளியை விட்டு மாறும் அன்றே சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் இந்த அலைச்சல் கிடையாது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் தாசில்தார் கொடுத்தது இங்கே ஒதுக்கீட்டுக்கு எடுபடாது. 'நாட கச்சேரி' என்ற வருவாய்த் துறை அலுவலகம் வழியாகக் கர்நாடகத் தாசில்தார் கொடுக்கும், ஆர்.டி. என்று தொடங்கும் எண் உள்ள சான்றிதழ்தான் வேண்டும். இங்குள்ள பட்டியலும் வேறு. ஊரில் பி.சி. என்றால் இங்கே பிற்பட்டோர் பட்டியலின் 2ஏ பிரிவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சாதி இங்கே எந்தப் பட்டியலில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வருமானச் சான்றிதழும் அங்கேதான். அது காலாவதியாகும் தேதியையும் குறித்து வையுங்கள். ஆதார், மார்க் கார்டு, சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருப்பது நமக்குச் சாதாரணம், கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை.

மூன்றாம் படி: தேர்வும் ஆப்ஷன் என்ட்ரியும்

சி.இ.டி.யில் இயற்பியல், வேதியியல், கணக்கு ஒவ்வொன்றிலும் 60 கேள்வி, மொத்தம் 180. ரேங்க் போடும்போது பி.யு.சி.யின் அந்த மூன்று பாட மதிப்பெண் பாதி, சி.இ.டி. பாதி. அதனால் 'பி.யு.சி. சும்மா பாஸானால் போதும், சி.இ.டி.யில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் அண்ணன்களை நம்ப வேண்டாம். பொதுப் பிரிவுக்கு அந்தப் பாடங்களில் 45 சதவீதமாவது வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., பிற்பட்ட பிரிவுகளுக்கு 40.

டிப்ளமோவுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்தான், அதிலும் கணக்கும் அறிவியலும். டிப்ளமோ முடித்து டி.சி.இ.டி.க்குப் போகும்போது கணக்கு மறுபடியும் வந்து நிற்கும். டிப்ளமோக்காரர்கள் பி.இ.யில் தடுமாறுவதும் கணக்கில்தான், நானும் தடுமாறினேன். டிப்ளமோவின் கடைசி செமஸ்டரிலேயே பி.யு.சி. கணக்குப் புத்தகத்தைக் கடன் வாங்கி கால்குலஸை மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் போதும்.

விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தி கே.இ.ஏ.விடம் பதிவதுதான் ஆப்ஷன் என்ட்ரி. அதில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். நிறையப் போடுங்கள், ஆனால் உண்மையாகவே விரும்பும் வரிசையில் போடுங்கள். மாதிரி ஒதுக்கீடு வெளியான பிறகு வரிசையை மாற்ற வாய்ப்பு தருவார்கள். நிஜ ஒதுக்கீடு வந்ததும் நான்கு சாய்ஸ் கேட்பார்கள். முதலாவது, கிடைத்ததை எடுத்துச் சேர்ந்துவிடுவது. இரண்டாவது, இதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே இருப்பதற்கு அடுத்த சுற்றில் முயல்வது. மூன்றாவது, இதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. நான்காவது, மொத்தமாக விலகுவது. இரண்டாவதில் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால், கையில் இருந்த பழைய சீட் தானாகப் போய்விடும், திரும்பி வராது. அதனால் முதலில் கிடைத்ததை விட உண்மையிலேயே நல்லது என்று நினைக்கும் கல்லூரிகளை மட்டும் அதற்கு மேலே விடுங்கள்.

நான்காம் படி: எந்தக் கல்லூரி

பெங்களூரில் 'யு.வி.சி.இ.' (பல்கலைக்கழக விசுவேசுவரய்யா பொறியியல் கல்லூரி) என்றால் எல்லாருக்கும் தெரியும். 1917-இல், விசுவேசுவரய்யா மைசூர் திவானாக இருந்தபோது தொடங்கியது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கே.ஆர். சர்க்கிளில் இருக்கும் பழைய கல் கட்டிடத்தைப் பார்த்துத்தான் பலரும் ஆசைப்படுவார்கள், ஆனால் சிவில் துறை ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. அல்சூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வசதி: அல்சூர் மெட்ரோவில் ஏறினால் அதே பர்ப்பிள் லைனில் ஞானபாரதியில் இறங்கலாம். வண்டி மாற வேண்டியதில்லை. தங்கவயல் பிள்ளைகள் ரயிலில் கே.ஆர். புரத்தில் இறங்கி, அங்கே மெட்ரோ பிடிக்கலாம். போக வர ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துத்தான் கல்லூரி போட வேண்டும். தினமும் ஐந்து மணி நேரம் ரயிலில் கழிந்தால் லேப் ரெக்கார்டு எழுத இரவில் தெம்பு இருக்காது.

மற்ற பெரும்பாலான கல்லூரிகள், அரசுடையதோ தனியாருடையதோ, 1998-இல் தொடங்கிய விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (வி.டி.யு.) கீழ் வருகின்றன. தலைமையிடம் பெலகாவி. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே வைத்துக்கொள்ளும், பட்டம் வி.டி.யு.வுடையது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் முன்வாசலில் நிற்காதீர்கள். மெட்டீரியல் டெஸ்டிங் லேப் எங்கே என்று கேட்டு உள்ளே போங்கள். கியூப் (சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டி) நசுக்கும் இயந்திரத்தின் மேல் புதிதாக உடைந்த கான்கிரீட் தூள் கிடக்கிறதா? கியூப்களை ஊறவைக்கும் கியூரிங் தொட்டியில் தண்ணீரும், அதற்குள் தேதி எழுதிய கியூப்களும் இருக்கின்றனவா? இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். இயந்திரத்தின் மேல் துணி மூடிக் கிடந்தால் நான் அந்தக் கல்லூரியை வரிசையில் கீழே இறக்கிவிடுவேன்.

ஐந்தாம் படி: பணம்

அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைத்தாலும் புத்தகம், பஸ், ஹாஸ்டல் எல்லாம் இருக்கிறது. எஸ்.எஸ்.பி. என்ற மாநில உதவித்தொகை இணையதளத்தில் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும். போன வருடம் போட்டேன், இந்த வருடமும் வந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

நம் வீடுகளில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ கட்டிட வேலை செய்பவரானால், கர்நாடகக் கட்டிட மற்றும் இதரக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். வயது 18-இலிருந்து 60-க்குள் இருக்க வேண்டும், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டிட வேலை செய்திருக்க வேண்டும். அந்தக் கார்டு இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு வாரியம் உதவித்தொகை தருகிறது. சித்தாளாக இருக்கும் அம்மாவும் தொழிலாளிதான். 'வீட்டுக்காரர் பெயரில் ஒன்று இருக்கிறதே, எனக்கெதற்கு?' என்று என் அம்மா பல வருடம் பதிவே செய்யவில்லை. நாளைக்கு அப்பாவின் கார்டு புதுப்பிக்காமல் விட்டுப்போனால் வீட்டில் இன்னொன்று இருக்க வேண்டாமா?

பெண் பிள்ளைகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) தரும் பிரகதி உதவித்தொகை இருக்கிறது. வருடம் 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். டிப்ளமோவுக்கும் உண்டு, பி.இ.க்கும் உண்டு, நேரடி இரண்டாம் ஆண்டு சேர்பவர்களுக்கும் உண்டு.

ஆறாம் படி: சேர்ந்த பிறகு

வி.டி.யு.வில் கன்னடம் ஒரு பாடம். கன்னடம் தெரியாதவர்களுக்கு 'பளகெ கன்னட', தெரிந்தவர்களுக்கு 'சாம்ஸ்க்ருதிக கன்னட'. பேச வரும், எழுத வராது என்ற நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். சுலபமானதை எடுத்துத் தப்பித்துக்கொள்ள மனது சொல்லும். ஆனால் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நாளைக்கு மாநகராட்சி நோட்டீஸ், டெண்டர் காகிதம், பி.டபிள்யு.டி. கடிதம் எல்லாம் கன்னடத்தில்தான் வரும். சைட்டில் தமிழ், மேசையில் கன்னடம், கோட் புத்தகத்தில் ஆங்கிலம்: மூன்றும் தெரிந்தவருக்கு இந்த ஊரில் எப்போதும் வேலை இருக்கும்.

வருகைப் பதிவு ஒவ்வொரு பாடத்திலும் 85 சதவீதம் வேண்டும். அப்பாவுக்கு உதவியாக சைட்டுக்குப் போனாலும் அதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்கு வெளியே செய்யும் சமூகப் பணி போன்றவற்றுக்குச் செயல்பாட்டுப் புள்ளி என்று ஒன்று இருக்கிறது. நான்கு வருடம் படிப்பவர்களுக்கு 100, நேரடி இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு 75. முதல் வருடத்திலிருந்தே சேர்த்துக்கொண்டு வந்தால் கடைசியில் ஓட வேண்டாம்.

வி.டி.யு. கேள்வித்தாளில் ஐந்து மாட்யூல். ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு பெரிய கேள்வி, அதில் ஒன்றுக்கு விடை எழுத வேண்டும். பழைய கேள்வித்தாள் ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

லேப்தான் முக்கியம். மற்றவர்கள் ரெக்கார்டுக்காகச் செய்வதை நீங்கள் கையால் செய்யுங்கள். ஸ்லம்ப் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். 300 மில்லிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பு, கீழே 200, மேலே 100 விட்டம். கலவையைப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் 25 தடவை கம்பியால் குத்தி, மெதுவாக நேர் மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு கீழே உட்காருகிறதோ அதுதான் ஸ்லம்ப். சைட்டில் மிக்ஸருக்குப் பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி கரண்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து 'தண்ணி ஜாஸ்தி' என்று சொல்வாரே, அவர் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் அவர் சொன்னதைக் காகிதத்தில் எழுத முடியாது, நீங்கள் அளந்ததை எழுத முடியும்.

தண்ணீர் விஷயத்தை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் மூட்டைக்கு 25 லிட்டர். ஈரமான எம்-சாண்ட் என்றால் அதில் இருக்கும் தண்ணீரையும் இதிலிருந்தே கழிக்க வேண்டும். கலவை ஓடவில்லை என்று பக்கெட்டில் இன்னும் ஐந்து லிட்டர் ஊற்றுவது நம் ஆட்களுக்குச் சாதாரணம். அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும், பலம் குறையும். எங்கள் அப்பாவிடம் இதை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம் கியூப். 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனச்சதுரம், எட்டு கிலோ சொச்சம், ஒரு கையால் தூக்கிவிடலாம். எம்20 கான்கிரீட் என்றால் 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டர் 20 நியூட்டன் தாங்க வேண்டும். 150-ஐ 150-ஆல் பெருக்கினால் 22,500. அதை 20-ஆல் பெருக்கினால் 450 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 45 டன். கையில் தூக்கிய அந்தக் கல் 45 டன் தாங்கிவிட்டு 'பட்' என்று வெடிக்கும் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கியூப்தான் எனக்கு முதல் அடியையும் கொடுத்தது. பி.இ. முடித்து ஒரு சின்ன அப்பார்ட்மெண்ட் வேலையில் தரக்கட்டுப்பாட்டுக்குச் சேர்ந்தேன். சைட்டில் கியூரிங் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. சரி செய்யச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன், எழுத்தில் கொடுக்கவில்லை. அச்சிலிருந்து எடுத்த கியூப்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஐந்து நாள் வெயிலில் காய்ந்தன. 28-ஆம் நாள் மூன்றின் சராசரி 16.2. எம்20-க்கு அது தோல்வி. வேலையை நிறுத்தி, ஸ்லாபைத் துளைத்து மூன்று கோர் (உருளைத் துண்டு) எடுத்தோம். கான்கிரீட்டுக்கான இந்தியக் கோட் புத்தகமான ஐ.எஸ். 456 சொல்வது இதுதான்: கோர்களின் சராசரி அந்த கிரேடின் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்20-க்கு அது 17-உம் 15-உம். கோர்கள் தேறின. ஸ்லாப் நன்றாகத்தான் இருந்தது, அதை அளக்க வைத்த கியூப்பைத்தான் நாங்கள் கெடுத்திருந்தோம். ஒரு வாரம் வேலை நின்றது, அந்த வாரம் ஆட்களுக்குக் கூலி இல்லை. சித்தாள் வீட்டில் வளர்ந்தவள் நான், அது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றிலிருந்து எது சொன்னாலும் தேதி போட்டு சைட் புத்தகத்தில் எழுதிவிடுகிறேன்.

ஏழாம் படி: சர்வே கேம்ப்பும் இன்டர்ன்ஷிப்பும்

சர்வே கேம்ப்பில் புதிய ஏரி, பழைய ஏரியைப் புதுப்பித்தல், குடிநீர்த் திட்டம், சாலை என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். பழைய ஏரிக் குழுவில் இடம் கிடைத்தால் சந்தோஷமாகப் போங்கள். கரை, மதகு, கலிங்கு என்று ஊரில் பாட்டி சொன்ன சொற்களெல்லாம் அங்கே லெவலோடும் வரைபடத்தோடும் எதிரே வந்து நிற்கும். ஒரு பெஞ்ச் மார்க்கில் (உயரம் தெரிந்த புள்ளியில்) தொடங்கி லெவல் எடுத்துக்கொண்டே போய், கடைசியில் அதே பெஞ்ச் மார்க்குக்குத் திரும்பி வந்து எவ்வளவு பிழை என்று பாருங்கள். எண்ணைத் திருத்தி எழுதும் ஆசை வரும். திருத்தாமல் மறுபடி எடுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய பெயருள்ள இடத்தைவிட, அஸ்திவாரம் போய்க்கொண்டிருக்கும் இடம் நல்லது. டைல்ஸ் ஒட்டும் நிலையில் இருக்கும் இருபது மாடியில் மூன்று மாதம் நின்றாலும் கம்பி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாது. முப்பதுக்கு நாற்பது சைட்டில் ஒரு வீடு குழி தோண்டுவதிலிருந்து முதல் ஸ்லாப் வரை வருவதைப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பிப் பட்டியலை, பி.பி.எஸ். என்பார்களே, அதை எக்ஸெலில் நீங்களே ஒரு தடவை போட்டு, வந்து இறங்கிய கம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்டோகேடும் மற்ற மென்பொருளும் அதற்கப்புறம்.

பெண் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் கேட்கப் போகும்போது கழிப்பறை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் வேறு சைட் பாருங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்று உடம்பைக் கெடுத்துக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. சேஃப்டி ஷூ சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். சைட்டில் கொடுப்பது நம் காலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

எட்டாம் படி: அடுத்து எங்கே

அரசு வேலை வேண்டுமென்றால், மாநிலத் தேர்வாணையமான கே.பி.எஸ்.சி. நடத்தும் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வுக்கு டிப்ளமோ போதும், உதவி இன்ஜினீயருக்கு பி.இ. வேண்டும். மாநில வேலைக்குக் கன்னடத் தேர்வு கட்டாயம். முன்னால் கன்னடம் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மத்திய அரசின் சி.பி.டபிள்யு.டி. போன்ற துறைகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வு இருக்கிறது, அதற்குக் கன்னடம் தேவையில்லை. மேலே படிப்பதானால் வி.டி.யு.விலும் யு.வி.சி.இ.யிலும் கன்ஸ்ட்ரக்ஷன் டெக்னாலஜியில் முதுநிலை இருக்கிறது. கேட் தேர்வு மூலமும், மாநிலத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வான பி.ஜி.சி.இ.டி. மூலமும் போகலாம். உடனே போகாமல் இரண்டு வருடம் சைட்டில் நின்றுவிட்டுப் போனால் அந்தப் பாடங்கள் நன்றாகப் புரியும்.

தனியார் வேலைக்கு நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'ஸ்லாபுக்கு அடியில் கொடுத்த முட்டுக்கால்களை எப்போது எடுப்பாய்?' ஐ.எஸ். 456-இல் இருப்பதைச் சொன்னேன்: 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 'சைட்டில் அப்படியா செய்கிறார்கள்?' என்று கேட்டார்கள். எங்கள் அப்பா நாள் கணக்கோடு, காலம் மழையா வெயிலா என்பதையும் பார்த்துத்தான் எடுப்பார் என்றேன். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள்.